வேட்டைப் பையை யார் தூக்குறது?

போன வாரம் டெக்ஸாஸ்ல இருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். கோயமுத்தூர்ல எனக்கு ஜூனியர், இங்கே வந்து ஆறு வருஷம் ஆச்சு. "நீங்கதான் வருஷா வருஷம் நவம்பர்ல காட்டுக்குப் போறீங்களே, வேட்டைக்கு நல்ல பேக்பேக் எதுங்ணா? அறுநூறு டாலர்ல ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், எண்பது லிட்டரு"ன்னான்.

எங்கேடா வேட்டைன்னு கேட்டேன். ஆஸ்டினுக்கு மேற்கே ஒரு ராஞ்ச். என்ன மிருகம்னு கேட்டேன். புள்ளிமான். ஆமாங்க, நம்ம ஊரு புள்ளிமானேதான். 1932-ல டெக்ஸாஸுக்குக் கொண்டாந்து விட்டாங்க, அங்கே பெருகிப் போச்சு. வெளிநாட்டு மிருகம்ங்கறதால அதுக்கு சீசனும் கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது. லைசென்ஸும் நிலத்துக்காரர் சம்மதமும் இருந்தா வருஷம் பூரா சுடலாம். இவன் காசு கட்டியிருக்கற இடத்துல அவங்களே வண்டியில கூட்டிட்டுப் போய், பரண்ல உக்கார வச்சு, சுட்டதும் அவங்களே எடுத்துட்டு வந்து, அறுத்து, ஐஸ் பெட்டியில போட்டுக் கையில கொடுத்துடுவாங்களாம்.

"அப்புறம் எதுக்குடா உனக்கு எண்பது லிட்டர் பை?"

"போட்டோவுக்கு நல்லா இருக்கும்ணா."

கோபம் வந்துச்சு. அவன்கிட்ட போன்ல அரைகுறையாத்தான் சொன்னேன், மிச்சத்தை இங்கே கொட்டறேன். இவன் ஒருத்தனைத் திட்டறதுக்காக இல்லை. இதே கேள்வியை இன்னும் ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. நம்மாளுங்க இப்பல்லாம் வேட்டைக்குக் கிளம்பிட்டாங்க போல.

மொதல்ல பை. அதைச் சொல்லிட்டுத் திட்டறேன்.

நான் விஸ்கான்சின்ல இருக்கேன். இங்கே துப்பாக்கியில மான் சுடற சீசன் மொத்தம் ஒன்பதே நாள், தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை ஆரம்பிக்கும். எங்க டீம்ல ஒரு பெரியவர், ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. அவர் கூடத்தான் நான் போறது. நான் சுடறதில்லை. அவருக்கு முட்டி வலி, அதனால தூக்கறதுக்குப் போறேன். (தங்கமணி இதை 'மான் கூலி'ன்னு சொல்லுவா.)

முதல் வருஷம் நான் எடுத்துட்டுப் போன பை, ஆபீசுக்கு லேப்டாப் தூக்கற பை. காருக்குள்ள ஏறினதும் அவர் மூக்கைச் சுருக்கினார். இது என்ன வாசனைன்னு கேட்டார். பெருங்காயம். அம்மா ஊர்ல இருந்து கொடுத்தனுப்பின சாம்பார் பொடி பாக்கெட் அதுக்குள்ளதான் ரெண்டு மாசம் கிடந்தது. "நாலு கவுன்ட்டியில இருக்கற மானெல்லாம் இந்நேரம் கிளம்பியிருக்கும்"னார். அன்னைக்கு என் பை கார் டிக்கியிலேயே இருந்துச்சு. ஆக முதல் பாடம், வேட்டைப் பையை நம்ம வீட்டு சமையல் அறை பக்கமே வைக்காதீங்க. கராஜ்ல தொங்க விடுங்க.

ரெண்டாவது, சத்தம். கடையில பளபளன்னு இருக்கற நைலான் பையை விரலால சுரண்டிப் பாருங்க. சரக் சரக்னு கேட்டா வேண்டாம், குச்சி உரசும்போதும் அதேதான் கேட்கும். வெல்க்ரோ வேண்டவே வேண்டாம். பக்கிள் ஒண்ணோட ஒண்ணு தட்டற இடத்துல துணி டேப் சுத்திடுங்க. மூணாவது, கலர். இங்கே சீசன்ல இடுப்புக்கு மேல போடற துணியில பாதிக்கு மேல பளீர் ஆரஞ்சா இருக்கணும்னு சட்டம், 2016-ல இருந்து பளீர் பிங்க்கும் சரி. நீங்க ஆரஞ்சு ஜாக்கெட் போட்டு அதுக்கு மேல மரக்கலர் பையை மாட்டினா, பின்னாடி இருந்து பாக்கறவனுக்குத் தெரியறது மரக்கலர் முதுகு மட்டும்தான். பைக்கு மேல ஒரு ஆரஞ்சு உறை போடுங்க. வெள்ளைக் கைக்குட்டை, வெள்ளை டிஷ்யூ எதுவும் வெளியே தொங்கக் கூடாது, இந்த ஊர் மானுக்கு வாலடி வெள்ளை.

இப்போ முக்கியமான விஷயம். ட்ரெக்கிங் பைக்கும் வேட்டைப் பைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடைக்காரங்க பாக்கெட், கொக்கி, தண்ணிக் குழாய்னு சொல்லி விப்பாங்க. அதெல்லாம் இல்லை. ட்ரெக்கிங் போறவன் பை போகும்போது கனமா இருக்கும், வரும்போது லேசாகும், சாப்பிட்டுத் தீர்த்திருப்பான். வேட்டைக்காரன் பை போகும்போது லேசா இருக்கணும், வரும்போது கனக்கணும். அதுக்காகத்தான் நல்ல வேட்டைப் பையில ஃபிரேமுக்கும் பைக்கும் நடுவுல ஒரு தட்டு மாதிரி இடம் விட்டிருப்பாங்க. பையைக் கழட்டி அந்த இடுக்குல கறியைக் கட்டி, மேல பையை வச்சு இறுக்கிடலாம். கனம் முதுகோட ஒட்டி, தோள்பட்டை உசரத்துல நிக்கும். இடுப்பு பெல்ட்தான் சுமையில பெரும்பங்கைத் தாங்கும், தோள்வார் சும்மா பிடிச்சுக்கறதுக்கு. அதனால லிட்டர் கணக்கு பாக்காதீங்க. உங்க கழுத்துக்குக் கீழே துருத்திட்டு இருக்கற எலும்புல இருந்து இடுப்பெலும்பு மேடு வரைக்கும் டேப் வச்சு அளங்க. அந்த நீளத்துக்குப் பொருந்தற ஃபிரேமை வாங்குங்க. கடையிலேயே இருபது கிலோ மணல் மூட்டையை உள்ளே வைக்கச் சொல்லி, மாட்டிக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்குங்க. காலிப் பையை மாட்டிக் கண்ணாடியில பாத்துட்டு வாங்காதீங்க.

உள்ளே என்ன? ரெண்டு லிட்டர் தண்ணி, கத்தி, கயிறு, நெத்தி லைட், அதுக்கு வேற பேட்டரி, தீப்பெட்டி, திசைகாட்டி, ரத்தம் கட்டற பட்டி, கிளவுஸ், லைசென்ஸ். அப்புறம் நாலைஞ்சு மெல்லிசு காட்டன் பை, கறிக்கு. பிளாஸ்டிக் பையில போட்டா சூடு வெளியே போகாது, கறி வீட்டுக்கு வர்றதுக்குள்ள கெட்டுடும். நம்ம ஊர் மஞ்சப்பைதான் சரி. இங்கே 2002-ல இருந்து மான்களுக்கு ஒரு மூளை நோய் இருக்கு, அதனால முதுகுத்தண்டை வெட்டாம சதையை மட்டும் எடுக்கறது நல்லது. அவ்வளவுதான். காலையில எட்டு கிலோவுக்கு மேல இருந்தா எதையோ தேவையில்லாம தூக்கறீங்க.

மூணு வருஷம் முன்னாடி, ரோட்டுல இருந்து ரெண்டு மைல் உள்ளே, சதுப்பு நிலத்துல, பெரியவர் ஒண்ணை சுட்டார். அங்கேயே பிரிச்சு ரெண்டு பையில கட்டினோம். என் முதுகுல இருபது கிலோவுக்கு மேல. கால் வைக்கற இடமெல்லாம் முழங்கால் வரைக்கும் இறங்குது. காருக்கு வந்து சேர நாலு மணி நேரம் ஆச்சு. வழியில அவர்கிட்ட, இன்னொரு மான் அப்போ உங்க எதிர்ல வந்திருந்தா சுட்டிருப்பீங்களான்னு கேட்டேன். "யார் தூக்கறது?"ன்னு கேட்டார். வேற எதுவும் சொல்லலை.

அந்தக் கேள்விதான் மொத்த விஷயமும். இந்த ஊர்ல வேட்டையை எனக்குப் பிடிக்குதா இல்லையாங்கறது வேற. ஆனா 'சுட்டவன் தூக்கணும்'ங்கற எண்ணம் இங்கே ஓரளவுக்காவது இருக்கு. அலாஸ்காவுல பல இடங்கள்ல மூஸ் கறி மொத்தமும் வெளியே வந்த பிறகுதான் கொம்பு வரலாம்னு விதியே இருக்கு. கொம்பை மட்டும் தூக்கிட்டு கறியைக் காட்டுல விட்டுட்டு வந்தா குற்றம்.

இப்போ ஆனைகட்டிக்கு வாங்க.

எங்க ஊரு கோயமுத்தூர்ல இருந்து தடாகம் ரோட்டுல போற வழி. மலை ஏறினா ஆனைகட்டி, அந்தப் பக்கம் பள்ளத்தைத் தாண்டினா கேரளா, அட்டப்பாடி. இருளர் பதிகள் ரெண்டு பக்கமும் இருக்கு. பெரியப்பாவுக்கு மலையடிவாரத்துல தோட்டம். பயிர்க்காவலுக்குன்னு லைசென்ஸ் வாங்கின ஒத்தக்குழல் துப்பாக்கி ஒண்ணு அவர்கிட்ட இருந்துச்சு. பயிரைக் காத்தது கம்மி, மத்த வேலை அதிகம்.

1986. எனக்கு 11 வயசு. 1972-ல வனவிலங்குச் சட்டம் வந்து 14 வருஷம் ஆகியிருந்துச்சு, வேட்டை ஆடினா ஜெயில்னு எல்லாருக்கும் தெரியும். பெரியப்பா வேட்டைக்குப் போனா அவர் கையில துப்பாக்கி, மடியில வெத்தலை. மத்ததெல்லாம் தோட்டத்துல வேலை பாத்த ஒரு இருளர் பெரியவர் முதுகுல. கோணிச்சாக்குக்கு ரெண்டு ஓரத்துலயும் கயிறு கட்டி அதையே தோள்ல மாட்டிக்குவார். உள்ளே அரிசி, உப்பு, சட்டி, கத்தி, பெரியப்பாவோட கம்பளி, பாட்டில். திரும்பி வரும்போது அதுக்கு மேல கறி. வயசு அவருக்கு அறுபதுக்கு மேல இருக்கும். நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், வா போன்னுதான் பேசுவேன். அவர் என்னை 'சாமி'ம்பார். அப்போ இதுல எதுவும் எனக்கு உறுத்தலை.

அன்னைக்கு ஒரு கேளையாடு. விடியறதுக்குள்ள இறங்கறோம். துப்பாக்கியைப் பெரியப்பா மேல் தோட்டத்துச் சாளையிலேயே வச்சுட்டார். ரோட்டுக்கு வந்ததும் ஒரு ஜீப் நின்னுட்டு இருந்துச்சு. சாக்குல என்னன்னு கேட்டாங்க. இறக்கச் சொன்னாங்க. யாரோடதுன்னு கேட்டாங்க. "என்னுதுங்க சாமி"ன்னார்.

பெரியப்பா ஓரமா நின்னு, "என்னங்க சார், என்ன விஷயம்?"னு கேட்டார். வழியில போறவர் கேக்கற மாதிரி. நான் டார்ச் லைட்டைப் பிடிச்சுட்டு பக்கத்துல நிக்கறேன். அவங்க எங்களைப் பாத்து, "ஒண்ணுமில்லீங்க, நீங்க போங்க"ன்னாங்க.

நாப்பது நாள் கழிச்சு வந்தார். அதுக்கப்புறம் வாய்தா வாய்தான்னு வருஷக்கணக்குல நடந்தார். பெரியப்பா வக்கீலுக்குக் காசு கொடுத்தார், அவர் வீட்டுக்கு மாசம் ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். எங்க வீட்டுல இன்னைக்கும் அந்தக் கதையைப் பெரியப்பாவோட தாராள மனசுக்கு உதாரணமாத்தான் சொல்றாங்க. ஒரு தடவை நான் அவர்கிட்டயே கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னேன்னு. "சாக்கு என் முதுகுலதானே சாமி இருந்துச்சு"ன்னார்.

ஆங்கிலத்துல ஒரு வேடிக்கை, 'பேக்'னா பையும்தான், சுட்ட மிருகத்தோட கணக்கும்தான். வெள்ளைக்கார துரைங்க 'என் பேக்'னு புஸ்தகத்துல எழுதின கணக்கு துரையோடது, அதைச் சுமந்தது நம்ம ஊர் காட்டுக்காரங்க. 1879-லயே நீலகிரிக்குன்னு வேட்டை மிருகம், மீன் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு மதராஸ்ல போட்டாங்க. லைசென்ஸ், சீசன் எல்லாம் அதுல இருந்துச்சு. துப்பாக்கியும் காசும் இருக்கறவனுக்கு அது விளையாட்டு, சுருக்கு வச்சுத் தின்னவனுக்கு அது களவு. துரை போயிட்டார். பழக்கம் போகலை.

இப்பவும் பாருங்க. அந்த மலையில வேட்டை நின்னுடலை. பன்னிக்குன்னு அவுட்டுக்காய் வைக்கறாங்க, பழத்துக்குள்ளயோ தேங்காய்க்குள்ளயோ வெடிமருந்து. அவுட்டுக்காய் வைக்கறவனோட பை என் கணக்குல எல்லாத்தையும் விடக் கேவலமான பை, போகும்போது நிறைஞ்சிருக்கும், வரும்போது காலி. எதைக் கடிச்சது, எங்கே போய்ச் செத்ததுன்னு அவன் பாக்கப் போறதே இல்லை. 2020 மே 27-ஆம் தேதி மண்ணார்க்காடு பக்கம் வெள்ளியாறுல ஒரு கர்ப்பிணி யானை வாய் கிழிஞ்சு நின்னபடியே செத்துச்சே, அது இந்த மாதிரி வெடிதான். உலகம் பூரா அந்த யானைக்கு அழுதாங்க. நானும் அழுதேன்.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2018 பிப்ரவரி 22, அட்டப்பாடி. மது. பழங்குடி இளைஞர், மனநலம் சரியில்லாம காட்டுக் குகையில தனியா இருந்தவர். கடையில திருடிட்டார்னு ஒரு கூட்டம் காட்டுக்குள்ள போய்ப் பிடிச்சு, கையைக் கட்டி, அவர் வச்சிருந்த பையைக் கிளறிப் பாத்து, அடிச்சு, முக்காலிக்கு நடத்திக் கூட்டிட்டு வந்தாங்க. பையில இருந்தது கொஞ்சம் அரிசி, மளிகைச் சாமான். பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்துக்கிட்டாங்க. போலீஸ் ஜீப்ல ஆஸ்பத்திரிக்குப் போற வழியில உயிர் போயிடுச்சு. 2023 ஏப்ரல்ல மண்ணார்க்காடு கோர்ட் 14 பேரைக் குற்றவாளின்னு சொல்லி, 13 பேருக்கு ஏழு வருஷம் கொடுத்துச்சு.

முக்காலி எதுன்னு தெரியுதுங்களா? சைலன்ட் வேலி போற ஜீப் அங்கேதான் கிளம்பும். அறுநூறு டாலர் பேக்பேக்கோட ஆளுங்க வரிசையில நிக்கற இடம். அவங்க பையைக் கிளறி இது யாரோடதுன்னு எவனும் கேக்கப் போறதில்லை. காட்டுல பை மாட்டினவன் நம்மள மாதிரி இருந்தா டூரிஸ்ட், அவரை மாதிரி இருந்தா திருடன். 2006 வன உரிமைச் சட்டம் தேன், கிழங்கு, நெல்லின்னு காட்டுல இருந்து எடுத்துட்டு வர்ற உரிமை பழங்குடிக்கு இருக்குன்னு எழுதி வச்சிருக்கு. அதே சட்டம் வேட்டையாடற பழைய உரிமையை மட்டும் வெளிப்படையா விலக்கிடுச்சு. சரி, அந்த விலக்கை நான் எதிர்க்கலை. நம்ம காட்டுல மிச்சம் இருக்கறது கொஞ்சம், தடை இருக்கட்டும். ஆனா அந்தத் தடை முதல்ல யார் பையைத் திறக்குதுங்கறதைப் பேசாம, நாம இங்கே உக்காந்து டெக்ஸாஸ்ல புள்ளிமான் சுடப் பை தேடறது எனக்குச் செரிக்கலை.

பாட்லக்ல ஒரு நண்பர் கேட்டார், "உயிரைக் கொல்றதுல தூக்கினா என்ன, தூக்காட்டி என்ன?"ன்னு. அவர் சைவம், அந்தக் கேள்வி கேக்க அவருக்கு உரிமை இருக்கு. எனக்கு அதுக்கு முழு பதில் கிடையாது. ஆனா தூக்கினவனுக்கு ஒரு கணக்கு முதுகுல ஏறும், அடுத்த தடவை விரல் கொஞ்சம் தயங்கும்னு நான் பாத்திருக்கேன். பெரியப்பா ஒரு தடவைகூடத் தயங்கலை. இன்னொருத்தர், "ராஞ்ச்ல தூக்கறவனுக்கு சம்பளம் கொடுக்கறாங்களே, அவன் வேலை அது"ன்னார். எங்க பெரியப்பாவும் சம்பளம் கொடுத்தார்ங்க. அரிசிகூடக் கொடுத்தார்.

நான் துப்பாக்கி தொடாம வெறும் சுமை தூக்கப் போறதைப் பெரிய பிராயச்சித்தமாச் சொல்லிக்கலை. அந்த இருளர் பெரியவர் 1990-கள்லயே போயிட்டார், நான் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தேன், எழவுக்குப் போகலை. அன்னைக்கு டார்ச்சைப் பிடிச்சுட்டு நின்னப்ப வாயைத் திறந்து "அது எங்க பெரியப்பாவோடது"ன்னு சொல்லியிருக்கலாம். 11 வயசுங்கறது காரணம் இல்லை. கறி எங்களோடதுன்னு அந்த வயசுல எனக்கு நல்லாத் தெரியும், சாயங்காலம் திங்கக் காத்துட்டு இருந்தேன்.

தம்பிக்குக் கடைசியா என்ன சொன்னேன்னு கேக்கறீங்களா? அந்த அறுநூறு டாலர் பை நல்ல பைதான், ஃபிரேம் நல்ல ஃபிரேம், குறை சொல்ல ஒண்ணுமில்லை. "ராஞ்ச்காரங்களுக்கு போன் போட்டு, சுட்ட இடத்துல இருந்து ரோடு வரைக்கும் நானே தூக்கிட்டு வரலாமான்னு கேளு. சரின்னா அந்தப் பையை வாங்கு, முதுகு அளவை எனக்கு அனுப்பு, எந்த சைஸ்னு நான் சொல்றேன். இல்லைன்னா பரண்ல உக்கார உனக்கு ஒரு பிளாஸ்கும் குல்லாவும் போதும்"னேன்.

கேட்டுட்டுக் கூப்பிடறேங்ணான்னான். இன்னும் கூப்பிடலை.